கடைசி ரீலில் திருந்துகிறவன்

திரையில் கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைந்தபோது கொட்டாய் முழுக்கக் கை தட்டியது. ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. இடுப்பளவுச் சுவருக்கு இந்தப் பக்கம், மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பெண்களும் கை தட்டினார்கள். என் அக்காவும் தட்டினாள். பகலெல்லாம் சிவப்பு நூலில் வேலை செய்திருந்ததால் அவள் விரல் இடுக்குகளில் சாயம் ஏறியிருந்தது. அறை வாங்கிய பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் புல்லாங்குழல் வாசித்தார்கள். அக்கா என் காதருகே குனிந்து, "இனிமேதான் பாப்பா கதையே கீது" என்றாள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அக்காவுக்குப் பாவாடை தாவணி வயது.

நாங்கள் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறிக் குடும்பம். வீட்டின் முன்பாதியில் தறிகள், பின்பாதியில் நாங்கள். நைனா கூலிக்கு நெய்தார். அம்மாவும் எட்டாவதோடு பள்ளியை விட்ட அக்காவும் தறிக்கு வேண்டிய நூலைக் கட்டைகளில் சுற்றிக் கொடுத்தார்கள். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் தெருவில் எல்லோரும் பாதி வாயசைவிலும் பாதி கையிலும்தான் பேசுவோம். அக்கா ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் இராட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அந்த இரைச்சலுக்குள், ஒரு சொல்கூடக் காதில் விழாமல், முழுப் படத்தையும் அவள் முகத்தாலேயே சொல்லி முடிப்பாள். மாமியார் வந்தால் உதடு கோணும். வில்லன் வந்தால் ஒரு புருவம் மட்டும் ஏறும். சில சமயம் நடுவில் கரண்டு போய்விடும். தறிகள் நின்று தெருவே அமைதியானதும் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்: "பாவி, உன் காலுல உயுந்து கேக்கறேண்டா." எல்லோரும் சிரிப்பார்கள். மெட்ராஸில் பிறந்திருந்தால் இவள் எங்கேயோ போயிருப்பாள் என்பார்கள்.

அந்த எண்பதுகளில் எங்களுக்குத் தெலுங்குப் படமும் வரும், தமிழ்ப் படமும் வரும். பள்ளிக்கூடம் தெலுங்கு, வீடு தமிழ் என்பதால் இரண்டும் எங்களுடையவைதான். எந்த மொழியானாலும் அக்காவுக்குப் பிடித்தது ஒரே கதை. நான் முதலில் சொன்ன படமும் அதுதான். மலையோர ஊரில் மர லாரி ஓட்டும் முரடன். அவனை மதிக்காத, படித்த பெண். திருவிழாக் கூட்டத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறான். இனி அவளை யார் கட்டுவார்கள் என்று ஊர் கேட்கிறது. அவனுக்கே கட்டி வைக்கிறார்கள். குடிக்கிறான், அடிக்கிறான். அவள் பொறுக்கிறாள். கடைசி ரீலில் அவள் சாகக் கிடக்கும்போது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கி ஓடி வருகிறான். பிழைத்து எழுந்தவளின் காலில் முகத்தை வைத்து அழுகிறான். அந்த இடத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் முந்தானையால் கண்ணைத் துடைக்கும். அக்கா துடைக்க மாட்டாள். கன்னத்தில் வழியும் நீரை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் ஊரில் மைக்செட் வாடகைக்கு விடும் ஒருவர் இருந்தார். பிறகு அவர்தான் எனக்கு மாமாவானார். அந்த நாளில் வந்த கதாநாயகர்களைப் போலக் காதை மூடும் முடியும், திறந்த சட்டைப் பொத்தானும் வைத்திருப்பார். யார் வீட்டுக் கல்யாணமானாலும், காது குத்தானாலும், ஒரு ஸ்பீக்கர் குழாயை எங்கள் தெருவைப் பார்த்துத் திருப்பிக் கட்டுவார். இன்ன பாட்டு போட்டால் அது என் அக்காவுக்கு என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அக்கா தண்ணீர்க் குடத்தோடு போனால் சைக்கிளைக் குறுக்கே நிறுத்துவார். ஒருமுறை அவள் குடத்துத் தண்ணீரை அவர் மேலேயே ஊற்றிவிட்டு வந்தாள். தெரு அதையும் ரசித்தது. திமிர் பிடித்த பெண்ணும் விடாக்கண்டனான பையனும் என்று அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்த படம் அது. அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி கிளம்பிய அன்று, பம்பை அடித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே, அவர் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறி ரத்தம் வந்தது. நைனா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டினார். தெருப் பெரியவர்கள் வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். கேஸ் போட்டால் பெண் பெயர்தான் கெடும், பையன் நம்ம ஆள்தான், ஆசைப்பட்டுத்தானே செய்தான், அவனுக்கே கட்டிக் கொடுத்துவிடு என்றார்கள். நைனா மாட்டிய சட்டையோடு நெடுநேரம் தறியருகே நின்றுகொண்டிருந்தார். அம்மா அக்காவைப் பின்பாதிக்கு அழைத்துப் போய், "உனுக்கு இஷ்டமாடி? இல்லன்னா சொல்டு" என்று கேட்டாள். அக்கா அதற்கான பதிலைக் கிணற்றடியில் மணிக்கட்டைக் கழுவிக்கொண்டே என்னிடம்தான் சொன்னாள்: "கல்யாணம் ஆனா மாறிடுவான் பாப்பா. இவனுங்க மொதல்ல அப்பிடித்தான் இருப்பானுங்க."

அவள் பயந்து சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே நம்பினாள். நம்புவதற்கு அவளிடம் வேறு என்ன கதை இருந்தது? நல்ல ஆண் என்பவன் கெட்டவனாகத் தொடங்கி முடிவில் நல்லவனாக வேண்டும் என்றுதான் வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்குக் காட்டினார்கள். தொடக்கத்திலிருந்தே நல்லவனாக இருந்தவன் அந்தப் படங்களில் சிரிப்புக்குத்தான் வருவான், அல்லது தங்கையின் கல்யாணத்துக்கு முன் செத்துப்போவான்.

மாமா மாறவில்லை. கல்யாணமான முதல் வருடமே அடிக்கத் தொடங்கினார். பிறகு வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர் வந்தது, டிவி வந்தது, தெருவுக்குத் தெரு கேபிள் இழுத்தார்கள். மைக்செட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. வெளியே இறங்கிப்போன தன் மதிப்பு முழுவதையும் வீட்டுக்குள் வசூலித்தார். ஒருமுறை அக்கா காது மடல் கிழிந்து, இடுப்பில் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். சோறு போட்டாள். சாயங்காலம், "கொஞ்ச நாளு பொறுத்துக்கோமே. பொண்ணு பெருசானா அவனுக்கே புத்தி வந்துடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அக்கா போன பிறகு நைனா தறியை ஓட்டினார். அன்று அவ்வளவு அவசரமாக முடிக்க வேண்டிய சேலை எதுவும் இல்லை. வீட்டில் யாரும் பேசாமல் இருப்பதற்கு அந்தச் சத்தம் தேவைப்பட்டது.

அப்போதுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் குவைத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். நூல் விலை ஏறி, தறிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த காலம். கடப்பா பக்கத்திலிருந்து ஏஜெண்டு ஒருவர் வருவார். தெலுங்கில் இனிக்க இனிக்கப் பேசுவார். வீட்டு வேலைதான், குழந்தையைப் பார்த்துக்கொள்வதுதான், போய்விட்டு வந்தால் மாடி வீடு கட்டிவிடலாம் என்பார். அக்கா தானாகவே போய் அவரைப் பார்த்தாள். புருஷனை விட்டுவிட்டு வா என்று அவளுக்குச் சொல்ல எங்கள் தெருவில் ஒரு வாய் இல்லை. குவைத்துக்குப் போ என்று சொல்லத் தெருவே வந்தது. மாமா வாசலில் நின்று பெருமையாக ஊருக்குச் சொன்னார். மாமியார் திருஷ்டி சுற்றினாள். தப்பித்துப் போகிறாள் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது மகளை மாமியாரிடம் கொடுத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்று வழி முழுக்கத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "முயிச்சிக்கினு இருந்தா என்னால ஏற முடியாது பாப்பா" என்றாள்.

கொஞ்ச வருடம் என்று போனவள், வாழ்நாளின் நல்ல பகுதி முழுவதையும் அங்கேயே கழித்தாள். நான் திருப்பதியில் டிகிரி படித்து டீச்சரானது அவளால்தான். தன் மகளையும் படிக்க வைக்கச் சொல்லிப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அந்தப் பணத்தில் மாமா வீட்டுக்குக் கலர் டிவியும் பிரிட்ஜும்தான் வந்தன. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவாள். வரும்போதெல்லாம் மகள் உயரமாகியிருப்பாள். அக்கா வாங்கி வந்த கவுன் எப்போதும் ஓர் அளவு சின்னதாகவே இருக்கும். குழந்தை பாட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று, "குவைத்தம்மா எப்பப் போவாங்க?" என்று கேட்கும். அக்கா அதற்கும் சிரிப்பாள். அங்கே வெள்ளிக்கிழமை மதியங்களில் இலங்கைக்காரப் பெண் ஒருத்தியோடு சேர்ந்து வீடியோவில் பழைய தமிழ்ப் படங்கள் பார்ப்பாளாம். எங்கள் மர லாரிப் படத்தையும் பார்த்தாளாம். அதை மட்டும் ஆசையாகச் சொன்னாள். அங்கே வேலை செய்த வீட்டு எஜமானியைப் பற்றியோ, தன் முழங்கையில் இருந்த இஸ்திரிப்பெட்டித் தழும்பைப் பற்றியோ கேட்டால், "உடு" என்பாள்.

சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகுதான் அவளை ஊருக்கு அனுப்பினார்கள். மாமா அதற்குள் புத்தூரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தார். மகளுக்குக் கல்யாணமாகி, நகரியிலேயே ஒரு பையனும் பிறந்திருந்தான். அக்காவை நான் திருப்பதிக்கு, அலிபிரி சாலையில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். போய்விட்டு வந்தால் துவைத்துப் பிழிந்த துணிபோலக் கிடப்பாள். மறுநாள் கொஞ்சம் தெளிவாள். அந்தத் தெளிந்த பகல்களுக்காக, ஐதராபாத்தில் வேலை செய்யும் என் மகன் பெரிய டிவி ஒன்றை வாங்கி மாட்டி, பெரியம்மாவுக்குப் பிடித்த காலத்துப் படங்களையெல்லாம் எப்படித் தேடிப் போடுவது என்று காட்டிவிட்டுப் போனான். நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம். எனக்கு அந்தப் படங்கள் என்றால் மணல் தரை, முறுக்கு, அக்காவின் மடி என்றுதான் ஞாபகம். திரும்பப் பார்த்தபோதுதான் எத்தனை அறை, எத்தனை கை இழுப்பு, கெடுத்தவன் கையாலேயே எத்தனை தாலி என்று தெரிந்தது. சில இடங்களில் நகைச்சுவைக்காகவே மனைவியை அடிக்கிறார்கள். அதற்கும் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

மர லாரிப் படமும் ஒருநாள் கிடைத்தது. படம் முழுக்க மழை பெய்வதுபோலக் கோடுகள். அந்தக் கதாநாயகியை அன்று நான் பெரிய பெண் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் சிறுமி. என்னிடம் பத்தாவது படிக்கும் பெண்களைப் போல மெலிந்த தோள். திருவிழாவில் அவன் கையைப் பிடிக்கும்போது அவள் கண்ணில் இருப்பது கோபம் இல்லை, நடுக்கம். நடித்தாளா, நிஜமாகவே பயந்தாளா என்று தெரியவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை. ரிமோட்டை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த அவள் கை சூடாக இருந்தது.

"இரு பாப்பா. முடிவு வரட்டும்" என்றாள்.

முடிவு வந்தது. அவன் மலையிறங்கி ஓடினான். காலில் விழுந்தான். அழுதான். நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் வெகுண்டு ஏதாவது சொல்ல வேண்டும், டிவியைப் பார்த்துத் துப்பக்கூட வேண்டும் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன் போலிருக்கிறது. அவள் கன்னம் நனைந்திருந்தது.

"அவளுக்காவது திருந்துனானே" என்றாள்.

"அது சினிமா அக்கா."

"சினிமான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் சொல்றேன். எங்கனா ஒருத்திக்காவது நடந்துச்சுன்னு பாக்கறதுக்குத்தானே கொட்டாய்க்குப் போனோம்."

அவள் ஏமாந்துவிட்டாள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படங்கள்மீது எனக்கிருந்த கோபம்கூட அவளுக்காகப் பட்டதுதான். அவளிடமோ கோபமே இல்லை. கோபப்படுவதற்கு வேண்டிய தெம்பையும் எங்கெங்கோ கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மகள் வந்தாள். சொல்லாமல் வந்தாள், தனியாக வந்தாள். கம்பெனி பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போய் வருகிறவள். செல்போன் பாகங்கள் செய்யும் இடம். வாசலிலேயே முந்தானையை இழுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் மறைக்க முடியவில்லை. கண்ணுக்குக் கீழே கருநீலமாக வீங்கியிருந்தது. மாத்திரை ஏதாவது இருக்கிறதா சித்தி என்று என்னைத்தான் கேட்டாள். அம்மாவைப் பார்க்கவில்லை. நான் ஐஸ் எடுக்க உள்ளே போனேன். அக்கா கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, மகளுக்கு எதிரில் தரையில் உட்காரும் ஓசை கேட்டது.

"துன்னியா?" என்று கேட்டாள்.

"துன்னுட்டுத்தான் வந்தேன்."

பிறகு அக்கா சொன்னதை நான் அடுப்படி வாசலில் ஐஸோடு நின்றபடி கேட்டேன். அவள் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

"திரும்பிப் போவாத. இங்கியே இரு. புள்ளயப் போய்க் கூட்டிக்கினு வந்துடலாம், சித்தி வருவா. அவன் மாற மாட்டான். எவனும் மாற மாட்டான். நான் சொல்றேன், கேளு."

என் அக்காவுக்கு ஒருவரும் சொல்லாத வார்த்தை அது. அம்மா சொல்லவில்லை, நைனா சொல்லவில்லை, கொட்டாயில் காட்டிய ஒரு படமும் சொல்லவில்லை. அவளே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்து, தன் மகள் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

மகள் முதன்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "நீ போனியேம்மா. போயி இன்னா ஆச்சு? நான் ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னுக்கினு வளந்தேன். என் அம்மா மூஞ்சிய போட்டாவுல காட்டுனாங்க எனக்கு. என் புள்ளைக்கு அது வேணாம். அடிச்சா அடிச்சிட்டுப் போறான். அம்மான்னு ஒருத்தி வூட்ல இருக்கணும்."

"புள்ளயோடத்தாண்டி வரச் சொல்றேன்."

"அவன் குடுப்பானா? ஆத்தாக்காரி ஓடிப்போனவ, நீயும் ஓடறியான்னு தெருவே கேக்கும். அந்தப் பேரு உன்னோடயே போவட்டும்மா."

அக்கா ஓடியது எதனால் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொன்னதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிழிந்த காதையும், ரேணிகுண்டா ரயிலடியையும் நான் சொல்ல வேண்டும் என்று முன்னால் வந்தேன். அக்கா வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தாள். சொன்னால் மட்டும் அந்தப் பெண்ணுக்குத் தன் குழந்தைப் பருவம் திரும்பிக் கிடைத்துவிடுமா என்று நினைத்தாளோ என்னவோ. அல்லது அப்பனைப் பற்றி மகளிடம் சொல்லி, அவளுக்கு மிச்சமிருக்கும் அந்த ஒருவரையும் பறிக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். கையிலிருந்த ஐஸை மகளிடம் கொடுத்தேன்.

ஐஸ் வைத்து வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் மகள் முகம் கழுவி, பவுடர் பூசி, கிளம்பிவிட்டாள். மறுநாள் ஷிப்ட் இருந்தது. பையன் டியூஷனிலிருந்து வந்துவிடுவான் என்றாள். அக்கா எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை. மகள் வாசல்வரை போனவள் திரும்பி வந்து குனிந்து, தரையில் கிடந்த அம்மாவின் போர்வையை எடுத்து அவள் காலில் போட்டுவிட்டுப் போனாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவில் கூடப் போனேன். வழியில் ஒரே ஒரு தடவை, "அம்மா ரொம்ப இளைச்சிட்டாங்க சித்தி" என்றாள். நகரி பஸ்ஸில் மலைக்குப் போய்விட்டுத் திரும்பும் மொட்டைத் தலைகள் நிரம்பி வழிந்தன. படிக்கட்டில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட கன்னத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு அவள் போனாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா அதே இடத்தில், அதே போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். என்னென்னவோ கேட்பாள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"பஸ்ஸுல ஒக்கார எடம் கெடச்சிதா அவளுக்கு?" என்று கேட்டாள்.

"கெடச்சிது அக்கா."

"ஜன்னலாண்டயா?"

"ஆமா" என்றேன்.